அக்கா வெட்டிவைத்த அளவு

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று என் சித்தப்பா தெரிந்துகொண்டே கேட்டார். "ஜனங்களை மேலே அனுப்புற வேலை. பயப்படாதீங்க, திரும்பக் கீழேயும் கொண்டுவந்து விட்டுடுவேன்" என்றார் அத்தான். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குத்தான் வந்தது. புதுப்பெண் பல்லைக் காட்டக் கூடாது என்று அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அத்தான் ஆள் பீரோ மாதிரி இருப்பார். தோள் அகலம். மொட்டைமாடி மோட்டார் அறைகளிலும், இருட்டான லிஃப்ட் கூண்டுப் பள்ளங்களிலும் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் போகாது. அக்கா அதற்கு நேர்மாறு. ஒல்லி. ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டு அறையில் வேலை. மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குத் தகுந்த மாதிரி லென்ஸை அளந்து, புள்ளி வைத்து, விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. அவள் கை தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ததில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். கண்ணாடிக் கடைக்கு எதிர்க் கட்டடத்தில், மேல்மாடிக் கூடத்தில், காலையில் வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஒரு காலத்தில் வாலிபால் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பெண்மணி. எல்லோருக்கும் அவர் "கோச்"தான். அக்கா சேர்ந்தாள். அத்தான் கேலி பேசினார். "மூச்சு விடறதுக்கு ஒரு வாத்தியாரம்மாவா? பொறந்ததுலேர்ந்து நான் சொந்தமா விட்டுக்கிட்டு இருக்கேனே!"

அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. ஒரு நாள் மேல்மாடிக் கதவு சரியாக மூடவில்லை என்று பார்க்கப் போனவர், வகுப்பின் கண்ணாடிக் கதவு வழியாக அக்காவைப் பார்த்திருக்கிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, கண்ணை மூடி நின்றிருக்கிறாள். "உன் அக்கா மூஞ்சியில களைப்பே இல்ல மாப்ளே. நான் கல்யாணம் கட்டினதுலேர்ந்து அப்படி ஒரு மூஞ்சியைப் பார்த்ததில்ல" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் அவரும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். முதல் நாளே, கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் குறட்டை விட்டுவிட்டார். "இந்த ஒரு ஆசனத்துல உங்களை யாரும் அடிச்சுக்க முடியாது சார்" என்றார் கோச். வகுப்பே சிரித்தது. அக்கா பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம்.

விளையாட்டாக ஆரம்பித்தது அவரைப் பிடித்துக்கொண்டது. கனத்த உடம்பை வைத்துக்கொண்டு, தலைகீழாகக் காலை உயர்த்தித் தன் தோள்மேல் நிற்கப் பழகினார். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் போவார்கள். ஜன்னலோரத்தில் அக்காவின் பாய், அதற்குப் பக்கத்தில் அவருடையது. அங்கிருந்தே அவள் கடைக்கு, அவர் வேலைக்கு. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் இரண்டே பேர் என்ற வெறுமை அவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு அந்தக் காலை நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அத்தான் வகுப்பின் நடுவில் எழுந்து எழுந்து வெளியே போக ஆரம்பித்தார். வயிறு சரியில்லை என்பார். ரத்தம் போனதை மூலம் என்று தனக்குத்தானே முடிவுகட்டி, யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்கா துவைக்கிற துணியில் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வேலை உடையோடு நின்றவரை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

மலக்குடலில் புற்றுநோய். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கும்போது நானும் கூட இருந்தேன். முதலில் கதிர்வீச்சு, மருந்து. அதன் பிறகு ஆபரேஷன். "கீழ் வழியை மூடிடுவோம். வயித்துல இடது பக்கம் ஒரு வழி வெப்போம். அது மேல ஒரு பை ஒட்டியிருக்கும். இனிமே எப்பவும் அதுதான்." அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பை எவ்வளவு பாரம் தாங்கும் டாக்டர்? எங்க லிஃப்ட்ல எழுதி ஒட்டியிருப்போம்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே வந்து டாக்ஸியில் ஏறும்வரை விடவில்லை.

சிகிச்சைக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பீரோ மாதிரி இருந்த ஆள் மடக்கு நாற்காலி மாதிரி ஆனார். சட்டையெல்லாம் ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. ஆனால் அந்த மாதங்களில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தான் போய்விடுவோம் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அழுது புலம்பவில்லை. அக்கா தனியாக வாழ்வதற்கு அவளைத் தயார்செய்ய ஆரம்பித்தார்.

ஃபியூஸ் போனால் என்ன செய்வது, தண்ணீர் மோட்டார் காற்று பிடித்தால் எப்படி எடுப்பது, குழாய்க்கு வாஷர் எப்படி மாற்றுவது எல்லாவற்றையும் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் ஸ்கூட்டர். எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். அத்தான் குல்லாயும் மஃப்ளருமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை.

"பிரேக்கைப் புடி! அது பிரேக் இல்ல, அது ஹாரன்!" என்று அவர் அங்கிருந்து கத்துவார். அக்கா ஒரு புதருக்குள் வண்டியை விட்டாள். எழுந்து, முழங்கையைத் துடைத்துக்கொண்டு, நேரே அவரிடம் வந்தாள்.

"நீங்க எழுந்து வந்து ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். எனக்கு இது வேணாம்."

"கத்துக்கிட்டா என்ன குறைஞ்சிடும்? நாளைக்கு ஒரு அவசரம்னா?"

"என்ன அவசரம்? வாயைத் திறந்து சொல்லுங்க பார்க்கலாம், என்ன அவசரம்?"

அவர் மஃப்ளரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பப் போய் வண்டியை நிமிர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். அந்த மாதத்துக்குள் நன்றாகவே ஓட்டப் பழகி, கடைக்கும் அதிலேயே போய்வர ஆரம்பித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெட்டி எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு, நோய் மிச்சமில்லை, இனிமேல் அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்கள். அத்தானுக்கு அதை நம்பவே முடியவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, இன்னொருத்தர் ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பையைச் சமாளிக்க அக்காதான் முதலில் கற்றுக்கொண்டாள். பையின் அடியில் தோலோடு ஒட்டுகிற ஒரு தகடு இருக்கும். நடுவில், வெளியே வைத்திருக்கும் குடல்வாயின் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசிந்து தோல் வெந்துபோகும். சிறிதாக வெட்டினால் குடல்வாயை அறுக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தடவை செய்து காட்டினார். அக்கா தன் கைப்பையிலிருந்து கடைப் பேனாவை எடுத்து, புள்ளி வைத்து, வளைந்த கத்தரிக்கோலால் ஒரே சுற்றில் வெட்டினாள். லென்ஸ் மாதிரி உட்கார்ந்தது. அதன் பிறகு விடுமுறை நாள்களில் உட்கார்ந்து, வேண்டிய தகடுகளை முன்கூட்டியே வெட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்துவிடுவாள். பேசிக்கொண்டே வெட்டுவாள். அத்தான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

யோகாவுக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். கோச்சிடம் பேசி, டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். குப்புறப் படுக்கக் கூடாது, வயிற்றை முறுக்கக் கூடாது, பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும், பாரம் தூக்கவே கூடாது. மற்றபடி மெதுவாக ஆரம்பிக்கலாம்.

"அத்தனை பேர் நடுவுல இது சத்தம் போட்டா? நாத்தம் வந்தா?" என்றார் அத்தான்.

"சத்தம்தானே? உங்க குறட்டையையே அவங்க தாங்கினாங்க."

"விளையாடாதே."

"சரி, வகுப்பு வேணாம். இங்கேயே செய்வோம்."

படுக்கையறையில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் இடம் பண்ணினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொள்வார்கள். அவரால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தூக்கினால் வயிற்றுத் தையல் இழுத்தது. நாலு மூச்சு இழுத்தால் தலை சுற்றியது. ஒரு காலத்தில் தோள்மேல் நின்ற மனிதர். "இழுக்கறதைப் பத்தி யோசிக்காதீங்க. விடறதுலேர்ந்து ஆரம்பிங்க. முழுசா விட்டீங்கன்னா, உள்ளே வர்றது தானா வரும்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். இது கோச் சொன்னதில்லை. அவளாகக் கண்டுபிடித்தது. சில வாரத்தில் அவர் கை தாடைவரை வந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதையும் பிடித்தது.

ஒரு வேலை நாள். மதியம் சாப்பாட்டு நேரம் கழிந்து, கண்ணாடிக் கடை முதலாளி எனக்குப் போன் செய்தார். என் ஜெராக்ஸ் கடை அங்கிருந்து பக்கம்தான். நான் ஓடிப்போனபோது அக்காவை வேலை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். தேய்க்கிற மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லவில்லையாம். மேஜைமேல் தலையைச் சாய்த்தாளாம், கண் அசந்துவிட்டாள் போலிருக்கிறது என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்களாம். ஆஸ்பத்திரியில் எங்களை ரொம்ப நேரம் காக்க வைக்கவில்லை. கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

அத்தானைக் கூட்டிவர நான் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனேன். கதவு தாழ் போடாமல் இருந்தது. அவர் கூடத்துச் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊர்ந்தபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். மதியம் ஒரு தடவை தனியாகச் செய்துபார்க்கச் சொல்லி, வந்து கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் அக்கா. காலடிச் சத்தம் கேட்டுத் தலையை மட்டும் திருப்பினார். முகம் வேர்த்திருந்தது, சிரித்தார்.

"வா மாப்ளே. பாரு, காதுவரைக்கும் வந்துடுச்சு. உன் அக்காகிட்ட நீதான் சாட்சி சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா."

"கையை இறக்குங்க அத்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கவில்லை. அப்படியே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான்தான் போய் அவர் கைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வரிசை தப்பிப்போச்சு மாப்ளே."

துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதே தடுமாற்றம். ஒரு வருஷமாக அத்தனை பேரும் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலை மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்தார்கள். இப்போது அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தூரத்து உறவில் ஒரு பெரியம்மா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நினைச்சுத்தானேப்பா நாங்கெல்லாம் பயந்துக்கிட்டு இருந்தோம்" என்று உளறிவிட்டார். "நானும்தான் பெரியம்மா" என்றார் அத்தான்.

மகள் வந்து பல வாரம் தங்கினாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றாள். அவர் மறுத்துவிட்டார். பை மாற்ற உதவட்டுமா என்று கேட்டதற்கு, குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்று அழுவதைப் பார்த்தேன். "மாமா, நான் பெத்த பொண்ணுதானே? எங்கிட்ட என்ன வெக்கம்?" என்றாள். கடைசியில் அவளும் தன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது.

அத்தான் யோகாவை விட்டார். நடப்பதையும் விட்டார். படுக்கையறையில் தள்ளி வைத்த கட்டில் சுவரோரமே கிடந்தது. பக்கத்தில் காலியாக விட்ட தரையில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவார். தாடைவரை, காதுவரை என்று ஏறிய கை பழையபடி தோளுக்குக் கீழே வந்துவிட்டது. "எதுக்கு மாப்ளே தேத்தணும்? யாருக்குக் காட்ட?" என்றார். எனக்கும் அவள் அக்காதானே. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இரண்டு பேரும் டி.வி.யைப் போட்டுவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் அவர் நாற்காலியிலிருந்து எழும்போது முனகினார். சட்டையில் ஈரம் தெரிந்தது. நான் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். வலுக்கட்டாயமாகச் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தகட்டைச் சுற்றித் தோல் வெந்து சிவந்து, சில இடங்களில் பச்சைப் புண்ணாக இருந்தது. எத்தனை நாளாக இந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டிருந்தாரோ. மறுபேச்சுப் பேச விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பை விஷயத்தைப் பார்க்கிற நர்ஸ் வயதில் சின்னவர், பொறுமைசாலி. புண்ணைத் துடைத்துவிட்டு, அத்தான் கொண்டுவந்த தகட்டை எடுத்துப் பார்த்தார்.

"ரொம்ப நேர்த்தியா வெட்டியிருக்கே. யார் வெட்டினது சார்?"

"வீட்டுல."

"வெட்டினது நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த அளவு உங்களுக்கு இப்ப பெருசு. ஆபரேஷன் ஆன புதுசுல வீக்கம் இருக்கும், அப்புறம் போகப் போகச் சுருங்கும். அவங்க பழைய அளவுக்கே வெட்டிட்டு இருக்காங்க. அதான் கசியுது. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க, அளந்து காட்டறேன்."

அத்தான் தலையை ஆட்டினார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா வெட்டிவைத்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தீர்ந்துவிடக் கூடாதே என்று, மாற்ற வேண்டிய நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார். புண் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். "எரியறது தெரிஞ்சுது மாப்ளே. நாள் ஆனதால எரியுதுன்னு நினைச்சேன். அவ அளவு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அவ அளவு தப்பில்ல அத்தான். நீங்க மாறிட்டீங்க."

அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு என்னைக் கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னார். புதுத் தகட்டில் நர்ஸ் கொடுத்த அளவை வரைந்து, இரண்டு பேரும் மாற்றி மாற்றி வெட்டினோம். நான் வெட்டியது முட்டை மாதிரி வந்தது. அவர் வெட்டியது சதுரமா வட்டமா என்றே சொல்ல முடியவில்லை. நாலைந்து தகடு பாழானது. "ரெண்டு எருமைங்க பூ கட்டின மாதிரி இருக்கு" என்றார். அக்கா போன பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அவர் என்னைக் குளியலறைக்குள் விட்டார்.

புண் ஆறியது. பாரம் தூக்க முடியாதவரைக் கூண்டுப் பள்ளத்தில் இறக்க முடியாது என்று, கம்பெனி அவருக்கு ஆபீசில் போன் மேஜையைக் கொடுத்தது. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்துவார்கள். அந்த அழைப்பு இங்கே வரும். அருகில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அத்தானுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. "மோட்டாரைத் தொட்டவனை டெலிபோனைத் தொட வெச்சுட்டாங்க" என்பார்.

ஒரு மதியம் அவர் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கப் போயிருந்தேன். சின்ன அறை. மேஜைமேல் இரண்டு போன்கள், சுவரில் கட்டடங்களின் வரைபடம். நான் உட்காரும்போதே ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் குரல். தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார், விளக்கும் அணைந்துவிட்டது. எனக்கே கேட்கிற அளவுக்கு அலறினார்.

"எனக்கு மூச்சு முட்டுது! நான் செத்துடுவேன்!"

"சாகமாட்டீங்கம்மா. காத்து வர்ற வழி இருக்கு. அதைப் பொருத்தினதே நான்தான். ஆள் கிளம்பிட்டாரு. நீங்க தரையில உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? முதுகைச் சாச்சுக்கங்க."

"மூச்சே இழுக்க முடியல சார்!"

"இழுக்காதீங்க. இழுக்கறதைப் பத்தி யோசிக்கவே வேணாம். விடறதுலேர்ந்து ஆரம்பிங்க. முழுசா விடுங்க... இன்னும்... ம். உள்ளே வர்றது தானா வரும். வந்துச்சா?"

அந்தப் பக்கம் அழுகை தேய்ந்தது. அவர் விடச் சொல்லி, விடச் சொல்லி, தானும் கூடவே விட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் போய்க் கதவைத் திறந்த சத்தம் போனிலேயே கேட்டது. நன்றி என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தான் போனை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"உன் அக்கா சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோச் இன்னும் காலையிலதானே வகுப்பு எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

திரும்பப் போன முதல் நாள் நானும் துணைக்குப் போனேன். கோச் அவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு கதவோரம், வெளியே எழுந்துபோக வசதியாக ஒரு நாற்காலி போட்டார். "சார், இன்னைக்கு உக்காந்தே செய்வோம். தரைக்கு அவசரமில்ல." ஜன்னலோரத்தில் ஒரு பாய் அளவுக்குத் தரை காலியாக இருந்தது. இத்தனை மாதமாக யாரும் அங்கே பாய் விரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. யாரும் பேசிவைத்துச் செய்ததல்ல. அத்தான் அதைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பயந்தது முதல் நாளே நடந்தது. எல்லோரும் அமைதியாக மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தபோது பை சத்தம் போட்டது. நல்ல சத்தம். அறை உறைந்துபோனது. அத்தான் முகம் ரத்தமாகச் சிவந்தது. எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல, மோட்டார் ஓடுது. பராமரிப்பு நடக்குது" என்றார். முன்வரிசையில் ஒரு பாட்டி முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இப்படி ஒரு பேச்சுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பாயில் முகத்தைப் புதைக்கிற ஆள் அங்கே இல்லை.

உடம்பு தேற ரொம்ப நாள் ஆனது. நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து நின்று என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓடியது. தோள்மேல் நிற்பது இனி இந்தப் பிறவியில் கிடையாது, கோச்சும் அதைச் சொல்லிவிட்டார். மழை பிடித்தால் தையல் வலித்தது. சில நாள் பாதியில் எழுந்து வந்துவிடுவார். நடுவில் ஒரு நாள், எதுவும் தெரியாத ஒரு புதுப் பெண் வந்து ஜன்னலோரத்தில் பாயை விரித்துவிட்டார். கோச் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் கோச். அங்க காத்து நல்லா வரும்" என்றார் அத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஒரு தடவை வகுப்பு முடிந்து இரண்டு பேரும் படியில் இறங்கிவந்தோம். லிஃப்ட் வேண்டாம் என்று அவராகத்தான் படிக்கு வந்தார். மூச்சு வாங்கவில்லை. கீழே வந்து நின்றார்.

"உடம்பு தேறிக்கிட்டே வருது மாப்ளே. பசிக்குது. தூக்கம் வருது. நேத்து கண்ணாடியில பார்த்தா, கழுத்துல எலும்பு தெரியல." படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வெக்கமா இருக்குடா. அவ இல்லாம இது ஏன் தேறுது? இதுக்குக் கொஞ்சங்கூட விசுவாசம் இல்லையே."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தான்."

"வேற எப்படிச் சொல்றது?"

அவர் கையிலிருந்த பாயை நான் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சந்தோஷமாக எழுந்து கை கொடுத்தார். எங்கேயும் ஒன்றுமில்லை. உடம்பு இவ்வளவு தேறும் என்று தானே எதிர்பார்க்கவில்லை, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "மூச்சு விடறேன் டாக்டர்" என்றார் அத்தான்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை ஆறவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்ட சேதியா இருந்தா யார்கிட்டயும் சொல்லாம இருந்துடலாம். நல்ல சேதியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது மாப்ளே? டாக்டர் சொல்லி முடிக்கறதுக்குள்ள, வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்னு மனசு எழுந்து நின்னுடுச்சு."

"பொண்ணுகிட்ட சொல்லுங்க அத்தான்."

போன் செய்தார். மகள் கேட்டுவிட்டு அழுதது எனக்கும் கேட்டது. "அழாதே. சரி, அழு. அழுதுட்டுச் சாப்பிடு" என்றார். அடுத்த மாதம் வருகிறேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். "வா. வந்தா ஒரு வாரமாவது இரு. கதவெல்லாம் சாத்தமாட்டேன்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. அவர் என்னைவிட வேகமாக நடந்தார். நான் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவது தெரிந்தது. கூப்பிடாமல், கொஞ்சம் இடைவெளி விட்டே நடந்தேன்.